எட்டுக் கிலோவோல்ற்

ஊசி நுனியில் துளி தொங்குகிறது.
விழலாமா என்று யோசிப்பதுபோல.
யோசிப்பதில்லை. அது தண்ணீர்.
இரணைமடு வாய்க்காலில் அள்ளி
மூன்று தரம் வாலையில் வடித்தது.

அறிவியல் நகரில் பின்னேரம் மூன்றரை.
ஜன்னலுக்கு வெளியே பாலை மரம், அதில் ஒரு மயில்.
உள்ளே நானும் கௌரிதாசனும்
ஒரு செப்புத் தகடும்
நொடிக்கு இருபதினாயிரம் படம் எடுக்கும்
இரவல் கமராவும்.
வெள்ளிக்கிழமை பேராதனைக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

முதல் துளி, மின்புலம் இல்லாமல்.
விழுந்தது. அப்பமாய் விரிந்தது.
விளிம்பு கிழிந்து குஞ்சுத் துளிகள் பறந்தன.
படத்தை மெதுவாய் ஓட்டினால்
அடியில் ஒரு காற்றுக் குமிழ்,
தப்ப நேரமில்லாமல்
தண்ணீருக்கும் செம்புக்கும் இடையில் அகப்பட்டது.
ஆக, விழுகிற எதுவும்
நிலத்தை முழுதாய்த் தொடுவதில்லை என்றேன்.
"பிழை. குமிழின்ரை விட்டத்தை எழுது" என்றான் கௌரிதாசன்.
எழுதினேன்.

புலம் என்றால் எங்கள் வீட்டில் ரொறொன்ரோ.
அண்ணா இருக்கும் இடம், காசு வரும் திசை.
இங்கே அது
ஊசிக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கிறது.
கண்ணுக்குத் தெரியாது. இழுக்கும்.

திருகியைத் திருப்பினேன். இரண்டு. நாலு. ஆறு.
இடி முடிந்தபின் வருமே, அந்த மணம்.
இப்போது விழும் துளிக்கு
அடியில் ஒரு முனை வளர்ந்தது,
முளைவிட்ட பயறுபோல.
அந்த முனைதான் முதலில் தொட்டது.
தொட்ட இடத்திலிருந்து வெளியே விரிந்து
காற்றைத் தள்ளிக்கொண்டே போனது.
குமிழ் இல்லை.
மறுபடி செய்தோம். இல்லை.

வட்டக்கச்சிப் புவிராணி அக்கா
நேற்றுத் தாமரை இலை கொண்டுவந்தார்,
நனைத்த சாக்கில் சுற்றி.
வெங்காயத் தாளில் மருந்து நிற்குதில்லை,
உருண்டு மண்ணுக்குப் போகுது,
மண்ணிலிருந்து கிணத்துக்குப் போகுது என்று
போன மாரியில் எங்களிடம் வந்தவர்.
"இதிலை நிண்டா எதிலையும் நிக்கும்."

இலையைத் தகட்டில் பரப்பி ஓரங்களை ஒட்டினோம்.
புலம் இல்லை: துளி தட்டையாகி, சுருண்டு, எகிறி
கமராவின் பார்வையை விட்டே போனது.
நாலில் இன்னும் உயரத் துள்ளியது.
ஏனென்று தெரியவில்லை. கேள்விக்குறி போட்டேன்.
எட்டில்
விழுந்தது. விரிந்தது. திரும்பச் சுருங்கப் பார்த்தது.
நின்றது.

தாமரை இலைத் தண்ணீர் என்று
எத்தனை பேரைச் சொல்லியிருப்பேன்.
அண்ணாவையும்.

ஒன்பதுக்குத் திருகுமுன் கரண்ட் போனது.
விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி ஓய,
ரொர்ச் வெளிச்சத்தில் பார்த்தோம்.
துளி நின்றபடியே நின்றது.
"மிச்ச மின்னேற்றம்" என்றான் அவன், நம்பாமல்.
புவித்தொடுப்புக் கம்பியை எடுத்துத் தொட்டான்.
கம்பி ஆறடி ஆழத்தில் போய் முடிகிறது.
அடிக்குமுன் அந்த நிலத்தை
இரண்டு தரம் சோதித்துப் பார்த்தார்கள்.
எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம்.
துளி அசையவில்லை.
இலையைச் சரித்தேன். பிறகு கவிழ்த்தேன்.
மெழுகு மயிர்களுக்குள் இறங்கிவிட்ட தண்ணீர்
தலைகீழாய்த் தொங்கியது.
இழுத்த புலம் இப்போது இல்லை.
தொட்டது தொட்டதுதான் போலும்.

முறிகண்டிப் பக்கம் வானம் முழங்கியது.
ஜெனரேற்றர் கொட்டிலின் தகரத்தில்
முதல் பெருந்துளிகள் விழுந்தன,
எத்தனை வோல்ற்றில் என்று யாருக்கும் தெரியாமல்.
மயில் இறங்கி ஓடியது.

கௌரிதாசன் கமராவைத் துணியால் மூடினான்.
நான் எழுதினேன்:
துளி 81. தாமரை. எட்டு.
புலம் நின்றபின்னும் ஒட்டி இருக்கிறது.
காரணம்: பார்க்கவேண்டும்.

வெள்ளிக்கிழமைக்குள்
இன்னும் நூற்றுப் பத்தொன்பது துளி.